ஹிமாலயன் 411 முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங்கும் ஆயிலும் மாற்றுவது: வீட்டு போர்டிகோவில் செய்ய முழுமையான வழிகாட்டி

வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்க வேண்டும். பின்னால் ஆள், இரு பக்கமும் பை. முன் பிரேக்கைத் தொட்டதும் வண்டி தலையைக் குப்புறக் கவிழ்க்கிறது, வளைவு முடிவதற்குள் மறுபடி எழுந்து ஆடுகிறது. இந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்த வேலை. என் வண்டியிலும் நண்பர்கள் வண்டிகளிலுமாக ஐந்து தடவை செய்துவிட்டேன். பாகம் சரியில்லாமல் கெட்டது ஒன்றுகூட இல்லை. கெட்டதெல்லாம் வரிசை தப்பியதால்தான்.

இங்கே சொல்வது ராயல் என்ஃபீல்டின் பிஎஸ்6 ஹிமாலயன் 411-க்கு. 41 மி.மீ. பைப், 200 மி.மீ. ஓட்டம் (ஃபோர்க் அமுங்கி நீளும் தூரம்) உள்ள சாதாரண டெலஸ்கோபிக் ஃபோர்க். இதே வகை ஃபோர்க் உள்ள மற்ற டூரிங் வண்டிகளுக்கும் வரிசை இதுவே. தலைகீழாகப் பொருத்திய யுஎஸ்டி ஃபோர்க்குக்கு இது பொருந்தாது. அதன் உள்ளமைப்பே வேறு.

1. காசு கொடுப்பதற்கு முன் டேப்பை எடுங்கள்

புதியவர்கள் முதலில் ஸ்பிரிங் வாங்குகிறார்கள், பிறகுதான் அளவெடுக்கிறார்கள். தலைகீழ். இப்போது வண்டி எவ்வளவு உட்காருகிறது என்று தெரியாமல் எந்த ஸ்பிரிங் வேண்டும் என்று எப்படிச் சொல்வது?

வண்டி தன் எடையிலும் உங்கள் எடையிலும் எவ்வளவு இறங்குகிறது என்பதை சேக் என்பார்கள். நான் இறக்கம் என்றே எழுதுகிறேன். ஆக்ஸில் மையத்திலிருந்து கீழ் கிளாம்ப்பின் அடி விளிம்பு வரை அளக்க வேண்டும் (பைப்பை ஸ்டியரிங்கோடு கவ்வும் இரண்டு கிளாம்ப்பில் கீழே உள்ளது). பைப்பில் கேபிள் டை கட்டி அளப்பது பொதுவான முறை. ஆனால் இந்த வண்டியில் பைப்பை ரப்பர் பூட் மூடியிருப்பதால் ஒவ்வொரு தடவையும் அதை ஏற்றி இறக்க வேண்டும். டேப்பே சுலபம்.

மூன்று அளவுகள். முதலாவது, முன் சக்கரம் தரையைத் தொடாமல் ஃபோர்க் முழுசாக நீண்டிருக்கும்போது. இரண்டாவது, ஆள் ஏறாமல் வண்டி தன் சக்கரங்களில் நேராக நிற்கும்போது. மூன்றாவது, ஹெல்மெட், ஜாக்கெட், பைகள் எல்லாவற்றோடும் நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது. பின்னால் ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அளக்க வேண்டும். ஆக மூன்று பேர். காலைக் கீழே ஊன்றிக்கொண்டு அளந்தால் கணக்கு பொய்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் இரண்டிரண்டு தடவை எடுங்கள். ஒரு தடவை ஹேண்டிலை அமுக்கி மெதுவாக விட்ட பிறகு. இன்னொரு தடவை தூக்கி மெதுவாக விட்ட பிறகு. இரண்டும் ஒத்துப்போகாது. உள்ளே சீலும் புஷ்ஷும் பிடிப்பதுதான் காரணம். சராசரியை எழுதிக்கொள்ளுங்கள். முதல் அளவிலிருந்து அதைக் கழித்தால் வருவதுதான் இறக்கம். வித்தியாசம் 15 மி.மீ.க்கு மேல் போனால் ஆக்ஸில் கோணலாக இறுக்கியிருக்கிறதா, பைப் வளைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். புது ஸ்பிரிங் அதைச் சரி செய்யாது.

ஆளோடு சேர்ந்த இறக்கம் மொத்த ஓட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்கலாம். 200 மி.மீ.க்கு 60 முதல் 70. என் வண்டியில் 88 வந்தது. பிரேக் பிடிக்கும் முன்பே கிட்டத்தட்ட பாதி ஓட்டம் காலி என்று அர்த்தம்.

2. எந்த ஸ்பிரிங்

ஸ்பிரிங்கின் பலத்தை ஒரு மி.மீ. அமுக்க எத்தனை கிலோ என்று சொல்வார்கள். சில நிறுவனங்கள் நியூட்டனில் போடும். ஃபோர்க்கின் இடது, வலது என்ற இரண்டு கால்களின் பலமும் சேர்ந்துகொள்ளும். உதாரணத்துக்கு, ஒரு காலுக்கு 0.7 கிலோ என்றால் இரண்டும் சேர்ந்து 1.4. முன்பக்கம் 14 கிலோ கூடினால் 10 மி.மீ. கூடுதலாக இறங்கும். ஆகவே டேங்க் பை, க்ராஷ் கார்டு, கூடுதல் லைட் என்று நீங்கள் முன்னால் மாட்டியதையெல்லாம் எடை போட்டுக்கொண்டு கடைக்காரரிடம் பேசுங்கள். உங்கள் எடையை மட்டும் சொன்னால் போதாது.

லீனியர் ஸ்பிரிங் முழு நீளமும் ஒரே பலம். ப்ராக்ரெசிவ் முதலில் மெத்தென்றும் போகப்போகக் கெட்டியாகவும் இருக்கும். ஒருநாள் தனியாக, மறுநாள் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ப்ராக்ரெசிவ் ஒத்துவரும். என் வண்டியில் லீனியர் இருக்கிறது. பெரும்பாலும் ஒரே சுமையோடு போகிறவன் நான், அமுக்கும்போது என்ன கிடைக்கும் என்று கைக்குத் தெரிய வேண்டும்.

ஒரு தவறு திரும்பத் திரும்பப் பார்த்தது: பழைய ஸ்பிரிங்கையே வைத்து, மேலே நீளமான ஸ்பேசர் (இடம் நிரப்பும் குழாய்த் துண்டு) போட்டு, “கெட்டியாக்கிட்டேன்” என்பது. ப்ரீலோடு, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே நெருக்கி வைப்பது, அதன் பலத்தை மாற்றாது. வண்டி நிற்கும் உயரத்தைத்தான் மாற்றும். இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஆளோடு இறக்கம் சரியாக இருந்து, ஆள் இல்லாத இறக்கம் ஏறக்குறைய ஒன்றுமே இல்லையென்றால் மெலிந்த ஸ்பிரிங்கை அளவுக்கு மீறி நெருக்கியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட வண்டி குழியில் சக்கரத்தைக் கீழே இறக்காது, தாண்டிப் போய் விழும்.

3. எந்த ஆயில்

“15டபிள்யூ ஊத்துங்க தம்பி, கல்லு மாதிரி நிக்கும்” என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். நின்றது, கல் மாதிரியே. (டபிள்யூ எண் கூடக்கூட ஆயில் கெட்டி.) இந்த வகை ஃபோர்க்கில் ஆயில் சின்ன ஓட்டைகள் வழியாகப் போகிறது. வேகம் இரண்டு மடங்கானால் தடை ஏறக்குறைய நான்கு மடங்கு. கெட்டி ஆயில் மெதுவான பள்ளத்தில் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். 80-ல் போகும்போது ரோட்டு ஒட்டு ஒன்றில் ஏறினால் மணிக்கட்டில் அடிக்கும்.

கெட்டியான ஸ்பிரிங் வேகமாகத் திருப்பி உதைக்கும் என்பதால் ஆயிலும் கொஞ்சம் கெட்டியாக வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு படி மட்டும். அதிலும் டப்பாவில் உள்ள டபிள்யூ எண்ணை நம்பாதீர்கள். ஒரு நிறுவனத்தின் 10 இன்னொன்றின் 7.5-க்குச் சமமாக இருக்கும். டேட்டா ஷீட்டில் 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக் (ஆயிலின் கெட்டித்தன்மையின் அளவு) என்று போட்டிருப்பார்கள். அதை ஒப்பிடுங்கள். எஞ்சின் ஆயில் வேண்டவே வேண்டாம். ஃபோர்க் ஆயில் நுரைக்காமலும் சீலைக் கெடுக்காமலும் இருப்பதற்கென்றே செய்தது.

4. தொடங்கும் முன் கைக்கெட்டும் தூரத்தில்

சர்வீஸ் மேனுவல் முதலில். டார்க் அளவுகளும் (எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்பது) ஆயில் மட்டமும் அதில்தான். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் இரவல் வாங்குங்கள். ஃபோர்க் மூடிக்கு ஆறு முனை சாக்கெட். பன்னிரண்டு முனை சாக்கெட் அலுமினிய மூடியின் மூலைகளை உருட்டிவிடும். எல்-கீ செட், ஜாக்கி, ஒரு பலகை, கனமான கயிறு, கட்டுக்கம்பி. அளவுக் குவளை, 300 மி.மீ. ஸ்டீல் ஸ்கேல், 50 மி.லி. சிரிஞ்ச், அதில் மாட்ட மீன்தொட்டிக் குழாய். மூடிக்குப் புது ஓ-ரிங் இரண்டு. கோயமுத்தூர், திருப்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு பனியன் வேஸ்ட் கிலோ கணக்கில் கிடைக்கும். நூல் உதிர்க்காத நல்ல துணியாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள். ஒரு நூல் சீல் உதட்டில் சிக்கினால் ஒழுகும்.

முதல் தடவை ஒரு முழு நாள் ஆகும். அடுத்த நாள் பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

5. வண்டியை நிறுத்துவது

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, எஞ்சினுக்கு அடியில் உள்ள தகட்டைக் கழற்றிவிட்டு, ஜாக்கிக்கும் எஞ்சினுக்கும் நடுவே பலகை வைத்துத் தூக்குங்கள். தகடு மெலிசு, அதன் மேலேயே தூக்கினால் நசுங்கும். பிறகு ஹேண்டிலிலிருந்து போர்டிகோ கொக்கிக்கோ உத்திரத்துக்கோ ஒரு கயிறு. கயிறு வண்டியைத் தூக்குவதற்கில்லை, நீங்கள் நெம்பும்போது சாய்ந்தால் பிடிப்பதற்கு. 199 கிலோ வண்டி, முன்சக்கரம் இல்லாமல் சாய்ந்தால் ஒருவரால் நிறுத்த முடியாது.

6. மூடியை இப்போதே தளர்த்துங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படி நினைவிருந்தால் இது இருக்கட்டும். ஃபோர்க் இன்னும் வண்டியில் இருக்கும்போதே மேல் கிளாம்ப்பின் போல்ட்டைத் தளர்த்துங்கள். கீழ் கிளாம்ப்பைத் தொடாதீர்கள். இப்போது மூடியை அரைச்சுற்று மட்டும் தளர்த்துங்கள்.

கீழ் கிளாம்ப் பைப்பைப் பிடித்திருப்பதால் மூடி லேசாக வரும். கழற்றி வெளியே எடுத்த பிறகு என்றால் வழவழப்பான பைப்பை எதில் பிடிப்பீர்கள்? வைஸில் வைத்து க்ரோம் நசுங்கிய பைப்பை நான் பார்த்திருக்கிறேன். மேல் கிளாம்ப்பைத் தளர்த்தாமல் மூடியைத் திருகுவதும் தப்பு. கிளாம்ப் பைப்பை இறுக்கும்போது மூடியின் மரையும் சேர்ந்து இறுகியிருக்கும்.

ஹேண்டில் வழியை அடைத்தால் அதன் நான்கு போல்ட்டைக் கழற்றி, டேங்க் மேல் துணி போட்டுச் சாய்த்து வையுங்கள். பிரேக் ஆயில் டப்பா நிமிர்ந்தே இருக்கட்டும்.

7. சக்கரமும் ஃபோர்க்கும் வெளியே

பிரேக் காலிப்பரைக் கழற்றி கட்டுக்கம்பியால் தொங்கவிடுங்கள், ஹோஸில் எடை விழக் கூடாது. பேட்களுக்கு நடுவே ஒரு மரத்துண்டு செருகுங்கள். யாராவது குழந்தை வந்து லீவரைப் பிடித்தால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். ஏபிஎஸ் சென்சாரையும் அதன் வயரையும் விடுவியுங்கள். பிறகு ஆக்ஸில், சக்கரம், ஃபோர்க்கில் மாட்டிய சின்ன மட்கார்டு. ஆக்ஸில் பக்கத்து ஸ்பேசர்கள் எது வலம் எது இடம் என்று ஃபோனில் படம் எடுத்துவிடுங்கள்.

மேல் கிளாம்ப்புக்கு மேலே பைப் எத்தனை மி.மீ. தெரிகிறது என்று ஸ்கேலில் அளந்து எழுதுங்கள். பிறகு ஒரு கையால் ஃபோர்க்கைப் பிடித்துக்கொண்டு கீழ் கிளாம்ப்பைத் தளர்த்தி, திருகித் திருகிக் கீழே இறக்குங்கள். வரவில்லை என்றால் சுத்தியல் வேண்டாம். கிளாம்ப்பின் பிளவில் கொஞ்சம் துருநீக்கி அடித்து ஐந்து நிமிடம் விடுங்கள்.

ரப்பர் பூட்டைக் கழற்றிப் பாருங்கள். மழையில் ஓட்டிய வண்டியில் உள்ளே சேறு களிம்பு மாதிரி ஒட்டியிருக்கும், அதற்குக் கீழே க்ரோமில் துருப்புள்ளி. நகத்தை ஓட்டினால் தட்டுப்படுகிறதா? ஓட்டப் பாதையில் இருந்தால் 1500 எமரித் தாளில் ஆயில் தொட்டு, குறுக்குவாட்டில் லேசாகத் தேய்க்கலாம். நகம் சிக்கும் அளவு குழி என்றால் பைப் மாற்றம்தான்.

முன்பக்கம் வெறுமையாக இருக்கும்போதே கிளாம்ப்பைப் பிடித்து இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். நடுவில் ‘கடக்’ என்று ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் இருந்தால் ஸ்டியரிங் பேரிங் போய்விட்டது. இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது, சேர்த்தே மாற்றுங்கள்.

8. பிரிப்பது

ஒரு சமயத்தில் ஒரு கால் மட்டும் பிரியுங்கள். மற்றது முழுசாக இருந்தால் சந்தேகம் வரும்போது அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

மூடியின் கடைசி மரை விடும்போது ஸ்பிரிங் தள்ளும். உள்ளங்கையில் மடித்த துணியை வைத்து மேலிருந்து அமுக்கிக்கொண்டே திருகுங்கள். முகத்தை நேர்மேலே வைக்காதீர்கள். “ஒண்ணும் ஆகாது மாப்ள” என்று ஸ்பேனரைச் சுற்றிய என் நண்பனின் மூடி போர்டிகோ சீலிங்கில் பட்டு விழுந்தது. எண்ணெய் வட்டம் இன்னும் அங்கேயே இருக்கிறது. அந்த வீட்டு அக்கா இப்போதும் அதைக் காட்டித்தான் எனக்குக் காபி தருகிறார்.

ஸ்பேசர், வாஷர், ஸ்பிரிங் எந்த வரிசையில் வருகிறதோ அதே வரிசையில் துணியில் அடுக்குங்கள். பைப்பைக் கவிழ்த்து, பத்துப் பதினைந்து தடவை இழுத்து அமுக்கி ஆயிலை வெளியேற்றுங்கள். ஒரு பகுதி ஆயில் உள்ளறையில் தங்கும், சும்மா கவிழ்த்தால் வராது. வருவது மீன் கழுவிய தண்ணீர் நிறத்தில் இருக்கும், வாடையும் கிட்டத்தட்ட அப்படித்தான். பிறகு 100 மி.லி. புது ஆயில் விட்டுக் கலக்கி அதையும் கொட்டி, அரை மணி நேரம் தலைகீழாகச் சாய்த்து வையுங்கள். மண்ணெண்ணெயில் கழுவினால் மிச்சம் தங்கி புது ஆயிலை நீர்க்கச் செய்யும்.

பழைய ஆயில் சாக்கடைக்குப் போக வேண்டாம். டப்பாவில் பிடித்து, பக்கத்துப் பட்டறையின் கழிவு ஆயில் பீப்பாயில் கொடுத்துவிடுங்கள்.

9. சீல் ஒழுகினால் மட்டும்

வண்டி நிறைய ஓடிவிட்டது என்பதற்காக ஒழுகாத ஆயில் சீலை மாற்றப் போகாதீர்கள், வேலை இரட்டிப்பாகும். ஒழுகினால் ஃபோர்க்கின் அடி போல்ட்டைக் கழற்ற வேண்டும். உள்ளே இருக்கும் ராடு போல்ட்டோடு சேர்ந்து சுற்றும் என்பதால் இதை ஸ்பிரிங்கும் மூடியும் இருக்கும்போதே, ஃபோர்க்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டு தளர்த்திவிட வேண்டும். ஆயில் வடிக்கும் முன் இதை முடிவு செய்யுங்கள்.

டஸ்ட் சீலை நெம்பி, உள்ளே இருக்கும் கம்பி லாக்கை எடுத்து, மேல், கீழ் இரண்டு பைப்பையும் வேகமாக இழுத்து இழுத்து அடித்தால் சீல் வெளியே வரும். புது சீலை ஏற்றும் முன் பைப் முனையில் பிளாஸ்டிக் கவர் போட்டு ஆயில் தடவுங்கள். முனையின் கூர் உதட்டைக் கிழித்தால் அன்றைக்கே ஒழுகும். சீலை இறக்க, பைப்பின் மேல் நுழையும் பிவிசி குழாய் துண்டு போதும். கம்பி லாக் அதன் பள்ளத்தில் முழுசாக உட்கார்ந்தால்தான் சீல் அடிவரை போனது. அடி போல்ட்டின் தாமிர வாஷர் புதிதாக இருக்கட்டும்.

10. ஆயில் ஊற்றி மட்டம் பார்ப்பது

மி.லி. கணக்கு தோராயம்தான், மட்டமே முடிவு. உள்ளே எவ்வளவு பழையது தங்கியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

மேனுவல் சொல்லும் அளவுக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஊற்றுங்கள். பைப்பை மெதுவாக, முழு நீளத்துக்கு, பதினைந்து தடவை ஏற்றி இறக்குங்கள். முதலில் வெறுமையாக இருக்கும். காற்று வெளியேற வெளியேறத் தடை ஒரே சீராகும். பத்து நிமிடம் நிறுத்தி வையுங்கள், குமிழ் அடங்கட்டும்.

இப்போது ஸ்பிரிங் வெளியே, ஃபோர்க் முழுசாக அமுங்கி, நேர்நிமிர்ந்து. பைப் வாயிலிருந்து ஆயில் மேற்பரப்பு வரை அளக்க வேண்டும். முதல் தடவை நான் ஸ்பிரிங்கை உள்ளே வைத்துக்கொண்டே அளந்தேன். கம்பி எடுத்துக்கொள்ளும் இடத்தால் ஆயில் ஏறி நின்றது. அதைச் சரியென்று நம்பி உறிஞ்சி எடுத்ததில் ஆயில் குறைந்து, குழிக்குக் குழி ‘டங்’ என்று அடி வாங்கினேன்.

சிரிஞ்ச் குழாயில் மேனுவல் மட்டத்தை பேனாவால் குறித்து, அந்தக் குறி பைப் வாய்க்கு வரும்படி இறக்கி, காற்று வரும்வரை உறிஞ்சுங்கள். இரண்டு காலும் துல்லியமாக ஒன்றாகிவிடும். ஆயிலுக்கு மேலே உள்ள காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். மட்டம் 10 மி.மீ. ஏறினால் ஓட்டத்தின் கடைசிப் பகுதி கெட்டியாகும், நடுப்பகுதி அவ்வளவாக மாறாது. மிக அதிகமாக ஏற்றினால் சீல் பிதுங்கும்.

11. ஸ்பிரிங், ஸ்பேசர், மூடி

புது ஸ்பிரிங் பழையதன் நீளத்தில் இருக்காது, அதனால் பழைய ஸ்பேசரை அப்படியே போடக் கூடாது. பைப்பை முழுசாக இழுத்து நீட்டி, ஸ்பிரிங், வாஷர், ஸ்பேசர் போட்டு, ஸ்பேசர் வாயிலிருந்து எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கிறது என்று பாருங்கள். மூடி எவ்வளவு ஆழம் உள்ளே இறங்கும் என்று அளங்கள். மூடி 20 மி.மீ. இறங்குகிறது, ஸ்பேசர் வாய்க்குக் கீழே 5-ல் நிற்கிறது என்றால் ப்ரீலோடு 15. தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லாவிட்டால் 15-லிருந்து தொடங்குங்கள்.

ஸ்பேசருக்கு கனத்த பிவிசி குழாய் போதும், ஆனால் ஹேக்சாவில் கோணலாக அறுத்தால் ஸ்பிரிங் சாய்ந்து பைப்பை உரசும். கோயமுத்தூர் கணபதி பக்கம் எந்த லேத் பட்டறையிலும் ஐந்து நிமிடத்தில் முகம் சமமாக வெட்டித் தருவார்கள். அப்போதே 5 மி.மீ. கூடுதலாக ஒரு ஜோடியும் வெட்டிக்கொள்ளுங்கள்.

ஓ-ரிங்கில் ஆயில் தடவி, மூடியை அமுக்கி, முதலில் இடதுபக்கமாகத் திருப்பி மரை ‘டக்’ என்று உட்காருவதைக் கேட்ட பிறகு வலதுபக்கம் திருகுங்கள். கையாலேயே இரண்டு சுற்று போக வேண்டும். ஸ்பேனரோடு தொடங்கினால் மரை குறுக்கே ஏறும். கடைசி இறுக்கம் வண்டியில் மாட்டிய பிறகு.

12. திரும்ப மாட்டும் வரிசை

எழுதி வைத்த உயரத்தில் பைப்பை நிறுத்தி, கீழ் கிளாம்ப்பை இறுக்கி, மூடியை டார்க்கில் இறுக்கி, அதன் பிறகு மேல் கிளாம்ப். எல்லாம் மேனுவல் அளவில். அலுமினியத்தில் ‘இன்னும் கொஞ்சம்’ என்றால் மரை கையோடு வந்துவிடும்.

சக்கரம், மட்கார்டு, காலிப்பர், சென்சார். ஆக்ஸிலை இறுக்குங்கள், ஆனால் ஃபோர்க் அடியில் ஆக்ஸிலைக் கவ்வும் பின்ச் போல்ட்டை விட்டுவையுங்கள். வண்டியைக் கீழே இறக்கும் முன் பிரேக் லீவரைக் கெட்டியாகும்வரை அமுக்குங்கள். முதல் தடவை நான் மறந்தேன். தெருமுனையில் லீவர் ஹேண்டிலைத் தொட்டது, பின் பிரேக்கும் ஒரு முருங்கை மரமும் காப்பாற்றின.

இறக்கிய பிறகு முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியைப் பத்துத் தடவை நன்றாக அமுக்குங்கள். இரண்டு காலும் ஆக்ஸிலில் தானாக நகர்ந்து ஒன்றுக்கொன்று இணையாக வந்து நிற்கும். அதன் பிறகே பின்ச் போல்ட். இதை விட்டால் கால்கள் ஒன்றையொன்று நெருக்கி, புது ஸ்பிரிங்கும் பழையது மாதிரியே பிடித்துப் பிடித்து ஓடும்.

13. மறுபடி டேப், பிறகு ரோடு

முதல் படியில் எடுத்த அளவுகளைத் திரும்ப எடுங்கள். எனக்கு ஆளோடு 88 என்பது 66 ஆனது, ஆள் இல்லாமல் 52 என்பது 38. ஆளோடு 70-க்கு மேல் வந்தால் 5 மி.மீ. கூடுதல் நீள ஸ்பேசர். 60-க்குக் கீழே என்றால் வெட்டுங்கள்.

முன்பக்கம் உயர்ந்துவிட்டதால் ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். சுவருக்கு எதிரே நிறுத்தி இறக்குங்கள். ஸ்டியரிங்கும் கொஞ்சம் சோம்பலாகத் தோன்றலாம். பைப்பை மேல் கிளாம்ப்பில் 5 மி.மீ. மேலே ஏற்றினால் சரியாகும், ஆனால் முழுசாக அமுங்கும்போது டயர் மேல் மட்கார்டைத் தொடாது என்று உறுதி செய்த பிறகு. பின் ஷாக் ப்ரீலோடையும் அப்படியே விடாதீர்கள். முன்னால் கெட்டி, பின்னால் தொய்வு என்றால் வளைவில் வண்டி அகலமாகப் போகும்.

முதல் ஓட்டம் 2 கி.மீ., தெரிந்த வேகத்தடைகள் உள்ள தெருவில். திரும்பி வந்து பூட்டைத் தூக்கிப் பாருங்கள், பைப்பில் மெல்லிய ஈரப்படலம் இருக்கலாம், வளையமாக ஆயில் நிற்கக் கூடாது. கிளாம்ப், ஆக்ஸில், காலிப்பர் போல்ட்டுகளை மீண்டும் டார்க்கில் வைத்துப் பாருங்கள். 500 கி.மீ. கழித்து இன்னொரு தடவை.

ஸ்பிரிங் பலம், ஆயில் பெயர், மட்டம், ஸ்பேசர் நீளம், தேதி, கி.மீ. எல்லாவற்றையும் ஒரு மாஸ்கிங் டேப்பில் எழுதி சீட்டுக்கு அடியில் ஒட்டிவிடுங்கள். அடுத்து ஆயில் மாற்றும்போது இதெல்லாம் நினைவிருக்காது.